நீல இலைகள்

பழைய தாவரப் படம் ஒன்று கண்ணில் பட்டால் யாருக்கும் பார்வை பூவின்மேல்தான் போகும். நீங்கள் இலையைப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கல்கத்தா, சென்னை போன்ற ஊர்களின் தோட்டங்களில் வரையப்பட்டு, கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டப்பட்ட அந்தத் தாள்களில் சிலவற்றில் இலைகள் பச்சையாக இருப்பதில்லை. மங்கிய நீலத்தில் இருக்கும். பூ சிவப்பாகவும் தண்டு பழுப்பாகவும் தெரிய, இலைமட்டும் இந்த உலகத்து மரத்துக்கு உரியதாகத் தெரியாது.

ஓவியர் நீல இலை தீட்டவில்லை. அவர் தீட்டியது பச்சைதான். அன்றைய நீர்வண்ணக்காரர்கள் பச்சையைப் பெரும்பாலும் இரண்டு நிறங்களைக் கலந்தே உண்டாக்கினார்கள். ஒன்று பிரஷ்யன் நீலம். 1706 வாக்கில் பெர்லினில் சிவப்புச் சாயம் காய்ச்ச முயன்ற டீஸ்பாக் என்பவருக்குத் தற்செயலாகக் கிடைத்த, இரும்பும் சயனைடும் சேர்ந்த நிறமி. மற்றொன்று காம்போஜ் என்ற மஞ்சள். இது மரத்திலிருந்து வடியும் பிசின். நம் மலையாள அண்டை வீட்டார் மீன் குழம்பில் போடும் குடம்புளி இருக்கிறதே, அது சேர்ந்த கார்சீனியா பேரினத்தின் வேறு சில மரங்களில் பட்டையைக் கீறினால் இந்த மஞ்சள் பால் வரும். கம்போடியா, தாய்லாந்துப் பக்கம் அதை மூங்கில் குழாயில் பிடித்து இறுக வைத்து விற்றார்கள். நாட்டின் பெயரே நிறத்தின் பெயரானது. பின்னாளில் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் இதே பிசினைத் தண்ணீரில் கரைத்து, அதன் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதை அளந்துதான் அணுக்கள் உண்மையாகவே இருப்பதை நிறுவினார். 1926இல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார். ஓவியரின் வண்ணப் பெட்டியிலிருந்து இவ்வளவு தூரம் பயணம் செய்த பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பழங்களை வரைவதில் பேர்பெற்ற வில்லியம் ஹூக்கர் இந்த இரண்டையும் கலந்து அமைத்த பச்சை இன்றும் ‘ஹூக்கர் பச்சை’ என்றே விற்கிறது. ஆனால் காம்போஜ் வெயிலைத் தாங்காது. அதன் மூலக்கூறுகளை வெளிச்சமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. பிரஷ்யன் நீலம் அதைவிட உறுதியானது. ஜன்னலுக்கு எதிரே பல பத்தாண்டுகள் தொங்கிய படத்தில் மஞ்சள் வெளியேறிவிட, நீலம் மிஞ்சுகிறது. நீல இலை என்பது அந்தப் படம் எத்தனை காலம் வெளிச்சத்தில் கிடந்தது என்பதற்கான பதிவு.

ஒன்றைக் கவனியுங்கள். இலையின் நரம்புகளோ விளிம்பின் பற்களோ காம்பின் வளைவோ மங்கியிருக்காது. அவை கறுப்பாக, அச்சடித்த நாளில் இருந்தபடியே இருக்கும். இந்தப் படங்களில் கோடு ஓரிடத்திலிருந்து வந்தது, நிறம் வேறோரிடத்திலிருந்து வந்தது. கோட்டைக் கொடுத்தது கல். நிறத்தைக் கொடுத்தது கை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், இந்தத் தாள்களை அறிவியல் ஆவணமாகப் படிக்கத் தொடங்கலாம்.

முதலில் கல். தெற்கு ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்தான் கல்லச்சின் ஆதாரம். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அசைவற்ற உப்பங்கழியின் அடியில் சேறு படிந்து படிந்து உருவான கல் அது. மணிகள் மிக நுண்மையானவை, எங்கும் ஒரே சீரானவை. அந்த நுண்மைதான் 1861இல் அங்கே கிடைத்த ஓர் இறகின் தடத்தையும் காப்பாற்றி வைத்திருந்தது. பறவைகளின் தொடக்கத்தைக் காட்டும் அந்த உயிரினத்துக்கு ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா என்று பெயர். பெயரின் பின்பாதி கல்லச்சுக்கலையைக் குறிக்கிறது. இறகின் இழையைப் பதிந்து வைக்க முடிந்த கல்லால் இலையின் நரம்பையும் பதிய முடிந்ததில் வியப்பில்லை.

அலோயிஸ் செனஃபெல்டர் என்ற நாடகக்காரர், தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். 1796இல் ஒருநாள், சலவைக்குப் போகும் துணிகளின் கணக்கைத் தாய் சொல்லச் சொல்ல, கையருகே காகிதம் இல்லாததால் மெழுகு மையால் கல்லின்மேல் எழுதிவைத்தார். அதிலிருந்து தொடங்கிய சோதனைகள் இரண்டு ஆண்டுகளில் கல்லச்சாக முதிர்ந்தன.

இதன் அடிப்படை வேதியியல் நம் வீட்டுக் குளியலறையில் நாள்தோறும் நடப்பது. உப்புத்தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் நுரை வராது. வெள்ளையாகத் திரிதிரியாக ஒதுங்கும். தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. கல்லச்சில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். சோப்பு, மெழுகு, மாட்டுக்கொழுப்பு, விளக்குக்கரி கலந்த குச்சியால் கல்லின்மேல் வரைகிறார்கள். சுண்ணாம்புக்கல் என்பதே கால்சியம் கார்பனேட்தான். வரைந்த இடங்களில் கொழுப்பு கல்லோடு பிணைந்து, எண்ணெயை ஏற்கும் மெல்லிய படலமாகிறது. பிறகு வேல மரத்துப் பிசினைக் கரைத்து, அதில் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுக் கல் முழுக்கப் பூசுகிறார்கள். வரையாத இடங்களில் பிசின் ஒட்டிக்கொண்டு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் தன்மையைத் தருகிறது. இனிக் கல்லை நனைத்து, எண்ணெய் மை தோய்ந்த உருளையை ஓட்டினால், மை கோட்டில் மட்டும் பிடிக்கும். ஈரமான இடத்தில் ஒட்டாது. தாளை வைத்து அழுத்தினால் படம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே உண்மையை வைத்து நடக்கும் அச்சு இது.

செப்புத்தகட்டில் செதுக்குவதற்குத் தனியே பயின்ற கைவினைஞர் வேண்டும். நூற்றுக்கணக்கில் அடித்ததும் தகடு தேயும். கல்லில் ஓவியர் குச்சியைப் பிடித்து வரைந்தாலே போதும். ஒரு தழையின் மென்மையான நிழலைக்கூடக் கல்லின் சொரசொரப்பு ஏற்றுக்கொள்ளும். வேலை முடிந்ததும் மேல்பரப்பைத் தேய்த்துவிட்டு அடுத்த படத்துக்கு அதே கல்லை எடுத்துக்கொள்ளலாம். இதில் நமக்கு ஓர் இழப்பும் இருக்கிறது. தேய்த்த கல்லில் பழைய படம் மிஞ்சாது. தாள்கள் மட்டுமே சாட்சி.

இப்படிக் கல்லச்சுக்குப் போன படங்கள் பிறந்த இடங்களில் ஒன்று கல்கத்தாத் தோட்டம். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் சிப்பூரில், 1787இல் ராபர்ட் கிட் என்ற படை அதிகாரி கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதைத் தொடங்கினார். கப்பலுக்குத் தேக்கு, வணிகத்துக்கு நறுமணப் பயிர்கள் என்பதே அன்றைய கணக்கு. 1793இல் சென்னை மாகாணத்திலிருந்து போன வில்லியம் ராக்ஸ்பர்க் அதை அறிவியல் தோட்டமாக மாற்றினார். இந்திய ஓவியர்களை அமர்த்தி 2,500க்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வரையவைத்தார். நகரத்து மக்கள் படகேறி வந்து உலாவிப் போகும் இடமாகவும் தோட்டம் ஆனது.

1817 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் பொறுப்பில் இருந்தவர் டென்மார்க்கில் பிறந்த நத்தானியல் வாலிச். 1828இல் அவர் உலர்ந்த தாவரங்களை டன் கணக்கில் கப்பலேற்றி லண்டனுக்குப் போனார். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட எண்களில் அவற்றைப் பட்டியலிட்டுத் தன் கையாலேயே எழுதினார். அந்தக் கையெழுத்தைக் கல்லச்சில் அடித்து அறிவியலாளர்களுக்கு அனுப்பினார். இன்றும் தாவரவியலாளர்கள் அந்தக் கையெழுத்தைப் படித்துத்தான் ஐயம் தீர்த்துக்கொள்கிறார்கள். அதே காலத்தில் ‘பிளான்டே ஏசியாட்டிக்கே ராரியோரெஸ்’ என்ற மூன்று தொகுதி நூலை 1832க்குள் வெளியிட்டு முடித்தார். ஆசியாவின் அரிய தாவரங்களைப் பற்றிய அந்த நூலில் 295 படங்கள். விஷ்ணுபிரசாத், கோராசந்த் என்ற தோட்டத்து ஓவியர்களின் கைவண்ணம் அவற்றில் முதன்மையானது. அவர்கள் தாளில் வரைந்ததை லண்டனில் மால்டா நாட்டவரான மாக்சிம் கௌசி கல்லில் வரைந்தார். சுமார் 250 பிரதிகள் அச்சாயின. பெருக்கிப் பாருங்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமான தாள்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் தூரிகையால் நிறம் ஏற்ற வேண்டும்.

அந்த வேலை நடந்த விதம் இது. முதலில் ஒரு தாளுக்கு முழுக் கவனத்தோடு நிறம் தீட்டி ‘மாதிரித் தாள்’ ஆக்குவார்கள். அதை நடுவில் வைத்துக்கொண்டு கூலிக்கு வண்ணம் தீட்டுபவர்கள் வரிசையாக உட்காருவார்கள். லண்டன் பட்டறைகளில் பெண்களும் சிறுவர்களும் இதில் நிறையப் பேர். ஒருவர் இலைப்பச்சையை மட்டும் ஏற்றித் தாளை அடுத்தவருக்குத் தள்ளுவார். அவர் பூவின் சிவப்பை ஏற்றுவார். காலையில் கலந்த பச்சையும் பிற்பகலில் கலந்த பச்சையும் ஒன்றாக இருக்காது. ஒரே நூலின் இரண்டு பிரதிகளை அருகருகே விரித்தால் கோடுகள் அச்சு அசலாக இருக்கும்; நிறங்கள் உடன்பிறந்தார் அளவுக்குத்தான் ஒத்துப்போகும்.

வாலிச் நூலின் முதல் படமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஆம்ஹெர்ஸ்டியா மரத்தின் பூங்கொத்து. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவரின் மனைவி, மகள் இருவருடைய பெயரால் வாலிச் இட்ட பெயர். 1827இல் பர்மாவில் சல்வீன் ஆற்றுப் பக்கம், பாழடைந்த ஒரு பௌத்த மடத்தின் தோட்டத்தில் அதை அவர் கண்டார். அருகிலிருந்த குகையில் புத்தர் திருவுருவங்களின் முன்னே அந்தப் பூக்கள் கைநிறையப் படைக்கப்பட்டிருந்தன. நீண்டு தொங்கும் கொத்து, செஞ்சிவப்புப் பூக்கள், அகன்ற மேல் இதழின் நுனியில் மஞ்சள் திட்டு. அவரை, கொன்றை எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம். பத்து மகரந்தத் தாள்களில் ஒன்பது அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், ஒன்று தனித்து நிற்கும்.

அந்த மரம் ஐரோப்பாவில் முதன்முதலாகப் பூத்தது 1849இல், லண்டனை அடுத்த ஈலிங்கில், லூயிசா லாரன்ஸ் என்ற தோட்டக்கலை ஆர்வலரின் கண்ணாடி வீட்டில். முதல் பூங்கொத்து விக்டோரியா அரசிக்குப் போனது. நூல் வெளிவந்ததோ அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு. அப்படியென்றால், லண்டன் பட்டறையில் உட்கார்ந்து அந்தப் பூவுக்குச் சிவப்பு ஏற்றிய கைகள் அங்கே உயிருள்ள ஓர் ஆம்ஹெர்ஸ்டியாப் பூவைக்கூடப் பார்த்திருக்க முடியாது. விஷ்ணுபிரசாத் தீட்டியதை ஒருவர் மாதிரித் தாளில் தீட்டினார், மாதிரித் தாளைப் பார்த்து மற்றவர்கள் தீட்டினார்கள். நிறம் கைமாறிக் கைமாறி வந்தது. கோடும் கைமாறியதுதான், ஆனால் ஒருமுறை மட்டும். கௌசியின் கல்லுக்குப் பிறகு அது மாறவே இல்லை.

அதனால்தான் தாவரவியலாளர்கள் இந்தப் படங்களில் கோட்டுக்கு முதல் மதிப்புத் தருகிறார்கள். ஒரு தாவரப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று முடிவுசெய்ய, பெயருக்கு ஆதாரமான உலர்ந்த மாதிரி ஒன்று வேண்டும். பழைய பெயர்களுக்கு அப்படி ஒன்று மிஞ்சாதபோது, அந்தக் காலத்துப் படத்தையே ஆதாரமாக நியமிக்கத் தாவரப் பெயரிடல் விதிகள் இடம் தருகின்றன. ராக்ஸ்பர்க் பெயரிட்ட தாவரங்கள் பலவற்றுக்கு அவருடைய இந்திய ஓவியர்களின் படமே இன்று அந்த இடத்தில் நிற்கிறது. மகரந்தத் தாளை ஒன்று குறைத்து வரைந்திருந்தால் ஓர் இனத்தின் அடையாளமே குழம்பிப்போயிருக்கும். அந்த ஓவியர்கள் குறைத்து வரையவில்லை.

நிறம் நம்மை வேறு வழிகளிலும் ஏமாற்றும். வெள்ளைப் பூக்களுக்கு ஈயவெள்ளை பூசியிருந்தால், நகரக் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைக் கறுப்பான ஈய சல்ஃபைடாக மாற்றிவிடும். வெள்ளைப் பூவில் சாம்பல் படர்ந்திருப்பதைப் பார்த்து அது அந்த இனத்தின் இயல்பு என்று எழுதிவிடக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடைக் கவனமாகத் தொட்டு, அதை மறுபடி வெண்மையான ஈய சல்ஃபேட்டாக மாற்றப் பழைய படங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்களுக்குத் தெரியும். வீட்டில் முயலக் கூடாத வேலை அது.

சிவப்பின் கதை நம் சைதாப்பேட்டையைத் தொட்டுப் போகிறது. அழகான கார்மைன் சிவப்பு, சப்பாத்திக் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியிலிருந்து கிடைப்பது. அதன் வணிகத்தை ஸ்பெயின் தன் பிடியில் வைத்திருந்தது. அதை உடைக்க வேண்டும் என்று சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களின் இறுதியில் கம்பெனியை விடாமல் வற்புறுத்தி, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் இந்தியா வந்து சேர்ந்தது. வந்தது தவறான இனம். சாயம் மட்டமாக இருந்தது. கள்ளியைத் தின்று தீர்ப்பதில் மட்டும் அது கெட்டிக்காரப் பூச்சி. 1830களில் தென்னிந்தியாவில் வயல்களை அடைத்துக்கொண்டிருந்த கள்ளிப் புதர்களின்மேல் அதையே விட்டார்கள். பிறகு இலங்கையிலும் விட்டார்கள். பூச்சியைக் கொண்டு களையை ஒடுக்கும் முறைக்கு உலகில் முதல் எடுத்துக்காட்டாக இன்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். சிவப்புச் சாயம் தேடிய முயற்சி, வேளாண்மையில் ஒரு புதிய துறைக்கு வாசல் திறந்தது.

சென்னையில் கல்லச்சை அறிவியலுக்கு முழுமையாகப் பயன்படுத்தியவர் ராபர்ட் வைட். 1819இல் மருத்துவராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களிலேயே தன் வாழ்நாளைக் கழித்தவர். ரங்கய்யா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ என்ற ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள். அச்சு லண்டனில் அல்ல, சென்னையிலேயே நடந்தது. ‘இந்தியத் தாவரவியல் விளக்கங்கள்’, நீலகிரித் தாவரங்களுக்கான ‘ஸ்பிசிலேஜியம்’ ஆகிய நூல்களுக்கு வண்ணம் தீட்டினார். ஐகோன்ஸின் படங்களையோ கறுப்புக் கோட்டோடு விட்டார். செலவு மிச்சமானதால்தான் அவ்வளவு படங்கள் சாத்தியமாயின. இன்று ஏலத்தில் வண்ணப் படங்களுக்குத்தான் விலை. ஆனால் அறிவியலுக்கு வைட் செய்த தேர்வு சரியானது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பூவின் நெடுவெட்டு, ஒரு விதையின் குறுக்குவெட்டு, ஒரு மகரந்தப்பை, இவற்றை எண்ணி அளந்து வரைந்த அந்தக் கோடுகளை வைத்து இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிகளை அடையாளம் காண முடிகிறது. 1853இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரால் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். அது பின்னாளில் டிராபிடியா என்ற பேரினத்தோடு சேர்ந்துவிட்டது.

வைட் பங்கெடுத்த தோட்டக்கலைச் சங்கம் 1835இல் சென்னையில் தொடங்கப்பட்டது. கதீட்ரல் சாலையில், இன்றைய செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே, அதன் தோட்டம் நெடுங்காலம் இருந்தது. 

கல்கத்தாத் தோட்டமும் அன்றிருந்தபடி நிலைக்கவில்லை. 1842இல் வாலிச் விடுப்பில் போனபோது பொறுப்பேற்ற வில்லியம் கிரிஃபித், தோட்டத்தை முறையாக வகைப்படுத்தப் போகிறேன் என்று நிழல்மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1848இல் அங்கே வந்த தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் அந்த அழிவைக் கண்டு வருந்தி எழுதினார். 1864இலும் 1867இலும் வந்த புயல்கள் மிச்சத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோயின. புகழ்பெற்ற பேராலமரத்தின் நடு அடிமரத்தையும் காளான் அரித்ததால் 1925இல் அகற்றிவிட்டார்கள். விழுதுகள்தான் இன்று மரமாக நிற்கின்றன. விஷ்ணுபிரசாத் உட்கார்ந்து வரைந்த தோட்டம் இப்போது தாளில் மட்டும் இருக்கிறது.

கையால் வண்ணம் தீட்டும் காலம் முடிவுக்கு வந்ததும் வாலிச்சின் படங்களை அடித்த அச்சுக்கூடத்தின் வழியில்தான். அது எங்கெல்மான் நிறுவனத்தின் லண்டன் கிளை. நிறுவனர் கோட்ஃப்ருவா எங்கெல்மான் 1837இல் நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து வண்ணத்தையும் அச்சிலேயே கொண்டுவரும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நூற்றாண்டின் பின்பாதியில் தூரிகை வரிசைகள் கலைந்தன.

உங்களிடம் ஒரு படம் வந்தால் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். அச்சு வண்ணமென்றால் இலையின் பச்சை புள்ளிகளாகவோ மணிமணியாகவோ பிரியும். கைவண்ணமென்றால் நிறம் மெல்லிய நீர்ப்படலமாக, புள்ளியில்லாமல் ஓடும். சில இடங்களில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்திருக்கும். தூரிகை நின்ற ஓரத்தில் நிறம் சற்று அடர்ந்திருக்கும். அந்தக் கசிவு ஒரு மனிதக் கை அங்கே இருந்ததன் தடம்.

அந்தப் படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். இன்னும் பச்சையாக இருக்கும் இலை பச்சையாகவே இருக்கட்டும். சட்டம் போடுபவர் ஓரத்தை வெட்டிச் சீராக்கித் தருகிறேன் என்பார், வெட்ட விடாதீர்கள். படத்தின் இடது கீழோரத்தில் பொடி எழுத்தில் வரைந்தவரின் பெயர் இருக்கும். பலரும் அதை வாலிச்சின் படம், வைட்டின் படம் என்றே சொல்கிறார்கள். உங்கள் சுவரில் அதற்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டும்போது, விஷ்ணுபிரசாத்தின் பெயரையோ ரங்கய்யாவின் பெயரையோ முதல் வரியில் எழுதுங்கள்.